ஜப்பானியர் கல்வி வளர்ந்த வரலாறு

ஜப்பானின் கல்வி வளர்ச்சியைப் பற்றி நம் ஆசிரியர் கூட்டங்களில் பேசுவோர் பெரும்பாலும் 1868-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். மெய்ஜி ஆட்சி மலர்ந்தது, மேலைநாட்டுக் கல்வி புகுந்தது, ஒரு தலைமுறைக்குள் அந்நாடு எழுத்தறிவில் முன்னணிக்கு வந்துவிட்டது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1868-க்கு முன்னரே அங்குச் சிற்றூர்தோறும் சிறுவர்கள் தூரிகை பிடித்து எழுதிக்கொண்டிருந்தனர். 1868-க்குப் பின்னர், புதிய பள்ளிகளைத் தீயிட்டுக் கொளுத்திய ஊர்மக்களும் இருந்தனர். இவ்விரண்டையும் விட்டுவிட்டுச் சொல்லும் வரலாறு, ஆசிரியராகிய நமக்கு அத்துணைப் பயன்படாது.

தொடக்கத்தில் ஜப்பானியர்க்குத் தமக்கென எழுத்து இல்லை. கொரிய நாட்டின் வழியாகச் சீன எழுத்தும், கன்பூசியரின் நூல்களும், பௌத்த சமயமும் அங்குச் சென்றன. 701-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தைஹோ சட்டத்தொகுப்பு, தலைநகரில் ஓர் உயர்கல்விக் கழகத்தையும் மாநிலங்களில் பள்ளிகளையும் நிறுவ வழிசெய்தது. சீன நாட்டு முறையைப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. ஆனால், சீனத்தில் தேர்வெழுதி எளியவனும் பதவி பெறக்கூடும் என்ற கொள்கையேனும் இருந்தது. ஜப்பானிலோ உயர்குடிப் பிறந்தோர்க்கே அக்கல்விக் கழகத்தின் கதவு திறந்தது. இதனை உணர்ந்த பௌத்தத் துறவி கூக்காய், 828-ஆம் ஆண்டளவில் கியோத்தோ நகரில் குலமும் செல்வமும் பாராத பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உணவளிக்கவேண்டும் என்பதும் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. பசித்த வயிற்றோடு பாடம் நடவாது என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன்பே அவர் அறிந்திருந்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளில் அப்பள்ளியும் மறைந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெருமாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. சீன எழுத்துகளைச் சுருக்கியும் எளிமையாக்கியும் தம் மொழியின் ஒலிகளுக்கேற்ற ‘கானா’ எழுத்துகளை ஜப்பானியர் உருவாக்கிக்கொண்டனர். கற்றறிந்த ஆடவர் சீனத்திலேயே எழுதிப் பெருமை கொண்டிருந்தபோது, அரண்மனைப் பெண்டிர் கானாவில் தம் தாய்மொழியை எழுதினர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கெஞ்சியின் கதை’யை எழுதிய முராசாக்கி ஷிக்கிபு அவர்களுள் ஒருவர். அவருடைய உடன்பிறந்தானுக்குத் தந்தை சீனம் கற்பித்தபோது, அருகிலிருந்து கேட்டே அவர் அதனைக் கற்றுக்கொண்டார். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தினாராம். அம்மகனின் பெயரை இன்று தேடிப்பிடிக்கவேண்டியுள்ளது. மகளின் நூலை உலகம் படிக்கிறது.

பின்வந்த போர்க்காலங்களில் கல்வியைக் காத்தவை பெரும்பாலும் பௌத்த மடங்களே. அக்காலத்தை விரைந்து கடந்து, 1603-இல் தொடங்கிய தொக்குகாவா ஆட்சிக்கு வருவோம். இரண்டரை நூற்றாண்டுக் காலம் பெரும்போரின்றி நாடு இருந்தது. போர்மறவராகிய சாமுராய்க்கு வாளைவிட ஏடு மிகுதியாகப் பயன்பட்ட காலம் அது. ஒவ்வொரு சிற்றரசும் தன் மறவர்குடிச் சிறுவர்க்கெனப் பள்ளி அமைத்தது. அவ்வாட்சியின் இறுதியில் அத்தகைய பள்ளிகள் இருநூற்றுக்கும் மேற்பட்டிருந்தன. ஆயினும் நம் கருத்தைக் கவரவேண்டியவை அவையல்ல. குடிமக்களின் பிள்ளைகள் பயின்ற ‘தெராகோயா’ என்னும் பள்ளிகளே நாம் நின்று நோக்கத்தக்கவை.

‘தெரா’ என்பது பௌத்தக் கோயிலைக் குறிக்கும். கோயிலில் பிறந்த பெயர் நிலைத்துவிட்டதேயன்றி, பிற்காலத்தில் இப்பள்ளிகள் கோயிலுக்குள் அடங்கியிருக்கவில்லை. துறவி, வேலையிழந்த மறவர், ஊர்த்தலைவர், மருத்துவர் எனப் பலரும் தம் இல்லத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தனர். எடோ போன்ற நகரங்களில் பெண்களும் ஆசிரியராய் இருந்தனர். அரசு இப்பள்ளிகளைத் தொடங்கவுமில்லை, பணம் கொடுக்கவுமில்லை, பாடத்திட்டம் வகுக்கவுமில்லை. பெற்றோர் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். சிற்றூர்களில் அரிசியும் காய்கறியும்கூட ஆசிரியர் ஊதியமாயின.

வாத்தானாபே கசான் என்ற ஓவியர் 1818-இல் வரைந்த தெராகோயாக் காட்சி ஒன்று உண்டு. அதில் வரிசை இல்லை. ஒருவன் எழுதுகிறான், ஒருவன் அருகிலிருப்பவனைச் சீண்டுகிறான், பலர் விளையாட்டில் மூழ்கியிருக்கின்றனர். நம் பள்ளிக்கண்காணிப்பாளர் எவரேனும் அக்காட்சியை நேரில் கண்டிருந்தால் ஆசிரியர்மேல் குறிப்பெழுதாமல் திரும்பியிருக்கமாட்டார். ஆனால், அந்தக் குழப்பத்திற்குள் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் தனித்தனியே மாதிரி எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதனைப் பார்த்து, ஒரே தாளில் மேலும் மேலும் எழுதித் தாள் கறுத்துப்போகும் வரை பழகும். முடித்தவன் அடுத்த மாதிரியைப் பெறுவான். முடியாதவன் அதிலேயே இருப்பான். வகுப்பு என்பதும் இல்லை. வகுப்பில் பின்தங்கியவன் என்பதும் இல்லை. பாடநூல்களோ பெரும்பாலும் கடித வடிவில் அமைந்தவை. வணிகன் பிள்ளைக்குச் சரக்குகளின் பெயர்களும், உழவன் பிள்ளைக்குப் பயிர், கருவி, வரி பற்றிய சொற்களும் அக்கடிதங்களின் வழியே கற்பிக்கப்பட்டன. மணிச்சட்டத்தில் கணக்கும் பயின்றனர்.

தொக்குகாவா ஆட்சி முடிந்தபோது ஆண்பிள்ளைகளுள் நூற்றுக்கு நாற்பதின்மரும் பெண்பிள்ளைகளுள் பத்துப் பேரும் ஏதேனும் ஒரு வகைப் பள்ளிக்கல்வி பெற்றிருந்தனர் என்பது ஆங்கில அறிஞர் ரொனால்டு டோர் 1965-இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு. ஊருக்கு ஊர் இது மிகவும் வேறுபட்டது. எனினும் அக்கால உலகில் இது சிறிய அளவன்று.

இன்றும் ஜப்பானியச் சிற்றூர்களில் ‘தூரிகை மாணாக்கர் கல்லறை’ எனப் பொருள்படும் கல்தூண்களைக் காணலாம். தெராகோயா ஆசிரியர் இறந்தபின் அவரிடம் படித்தவர்கள் பணம் சேர்த்து நட்ட கற்கள் அவை. பட்டம் பெறாத, பயிற்சிக் கல்லூரி காணாத, அரசு ஊதியம் அறியாத ஆசிரியர்களுக்கு மாணவர் எழுப்பிய நினைவுக்குறிகள் அவை. கல்வி வரலாற்றின் சான்றுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

இனி, அறிஞர் நடத்திய தனிப்பள்ளிகள் வேறு. கியூஷூ தீவின் ஹித்தா என்னும் ஊரில் ஹிரோசே தான்சோ நடத்திய பள்ளியில், சேர்பவனின் வயதும் முன்கல்வியும் குடிப்பிறப்பும் கணக்கில் கொள்ளப்படமாட்டா. யாவரும் அடித்தட்டில் தொடங்கி, மாதந்தோறும் பெறும் மதிப்பெண்ணால் மேலேறவேண்டும். ஒசாக்காவில் ஒகாத்தா கோவான் என்ற மருத்துவர் 1838-இல் தொடங்கிய பள்ளியில் டச்சு மொழி வாயிலாக மேலைநாட்டு மருத்துவமும் அறிவியலும் பயின்றனர். கையால் படியெடுத்த டச்சு அகராதி ஒன்றே அங்கிருந்தது. அது வைக்கப்பட்ட அறையில் இரவு முழுதும் விளக்கணையாது என்பர். அவ்வகராதியைச் சுற்றி அமர்ந்த இளைஞருள் ஒருவர், பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகத்தை நிறுவிய புக்குசாவா யுக்கிச்சி. ஆகவே, 1868-இல் ஆட்சி மாறியபோது புதிய அரசு வெற்றிடத்தில் கட்டத் தொடங்கவில்லை. படிக்கவேண்டும் என்ற வேட்கை மண்ணிலேயே இருந்தது.

இதற்குக் கியோத்தோ நகரமே சான்று. 1869-இல் பேரரசர் தோக்கியோவுக்குப் பெயர்ந்தார். ஆயிரம் ஆண்டுத் தலைநகராயிருந்த ஊர் இனிப் பாழாகுமோ என்று நகரமக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தினூடே அவர்கள் செய்தது பள்ளி கட்டியதே. அடுப்பெரியும் வீடு ஒவ்வொன்றும் இவ்வளவு தரவேண்டும் என்று ‘அடுப்புப் பணம்’ திரட்டி, அவ்வாண்டிலேயே 64 தொடக்கப்பள்ளிகளைத் திறந்தனர். நாட்டின் கல்விச் சட்டம் வருவதற்கு மூன்றாண்டுகட்கு முன் நிகழ்ந்தது இது. அப்பள்ளிகளிலேயே ஊர்மன்றமும் தீக்காவல் கோபுரமும் அமைந்திருந்தன.

1871-இல் கல்வி அமைச்சு உருவாயிற்று. 1872-இல் ‘கக்குசெய்’ எனப்படும் கல்வி ஆணை வந்தது. எந்த ஊரிலும் கல்லாத குடும்பம் இருத்தல் கூடாது, எந்தக் குடும்பத்திலும் கல்லாத ஆள் இருத்தல் கூடாது என்பது அதன் நோக்கம். உழவர், கைவினைஞர், வணிகர், பெண்டிர் அனைவரும் அதில் அடங்குவர். நாட்டை எட்டுப் பல்கலைக்கழக வட்டங்களாகவும், ஒவ்வொன்றையும் 32 இடைநிலைப்பள்ளி வட்டங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் 210 தொடக்கப்பள்ளி வட்டங்களாகவும் பிரித்துத் திட்டமிட்டனர். கணக்கிட்டால் 53,760 தொடக்கப்பள்ளிகள் வரும். தாளில் வகுத்த திட்டம் இது. அவ்வெண்ணிக்கை ஒருநாளும் எட்டப்படவில்லை.

இத்திட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கற்பது அவரவர் வாழ்வில் உயர்தற்கு. எனவே செலவும் அவரவருடையதே என்று ஆணை கூறிற்று. பள்ளிக்கட்டணம் பெற்றோர்மேல் விழுந்தது. கட்டடச் செலவு ஊர்மேல் விழுந்தது. தெராகோயாவுக்கு அரிசி கொடுத்துப் பிள்ளையை விரும்பியபோது அனுப்பிய உழவன், இப்பொழுது ரொக்கம் கொடுத்து நாள்தோறும் அனுப்பவேண்டியதாயிற்று. அனுப்பினால் வயலில் ஒரு கை குறையும்; குழந்தையைச் சுமக்க ஆள் குறையும். அங்குக் கற்பித்ததோ அவனுக்குத் தெரிந்த கடிதமும் கணக்கும் அல்ல. புதிய வாசகநூல் அமெரிக்காவின் வில்சன் வாசகநூலைப் பெயர்த்தெழுதியது. மலையூர்ப் பிள்ளை உலக மக்களினங்களின் வகைகளிலிருந்து பாடத்தைத் தொடங்கிற்று. 1873-இல் படைக்கு ஆளெடுக்கும் சட்டமும் சேர்ந்துகொள்ள, ஒக்காயாமா, ககாவா முதலிய பகுதிகளில் உழவர் கலகம் மூண்டது. அதில் பள்ளிக்கட்டடங்களும் எரிந்தன. கல்வியை வெறுத்து அவர்கள் எரித்தார்கள் என்று கொள்வது பிழை. கேளாமல் தம்மீது சுமத்திய வரியின் உருவமாகவே பள்ளி அவர்கள் கண்ணுக்குத் தோன்றியது.

1873-இல் பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகள் நூற்றுக்கு 28 பேரே. ஆண்கள் ஏறத்தாழ நாற்பதின்மர், பெண்கள் பதினைவர். அப்பள்ளிகளுள் பெரும்பகுதி பழைய கோயில்களிலும் வீடுகளிலும்தான் நடைபெற்றன. பழைய தெராகோயா ஆசிரியரே பலவிடத்தும் புதிய ஆசிரியரானார். விதிவிலக்கான ஊர்களும் இருந்தன. மாத்சுமோத்தோ நகரில் 1876-இல் எழும்பிய காய்ச்சிப் பள்ளியின் எண்கோண கோபுரம் பலரும் அறிந்தது. அதன் செலவில் பெரும்பங்கை நகர மக்களே தந்தனர். 2019-இல் அது நாட்டின் தேசியக் கருவூலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

நம் தொழிலோடு நெருங்கிய பகுதிக்கு இப்பொழுது வருகிறோம். 1872-இல் தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப்பள்ளி திறக்கப்பட்டது. மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர் அதில் கற்பித்தார். மேசை, நாற்காலி, கரும்பலகை, சுவர்ப்படம், ஒரே வேளையில் ஒரு வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடம் என இன்று நாம் இயல்பென எண்ணும் அனைத்தும் அங்கு முதன்முதலாகக் கண்ட புதுமைகள். அவர் ஆங்கிலத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் எடுத்துரைக்க, வளர்ந்த ஆடவர்கள் சிறுவரைப்போல் அமர்ந்து, கற்பிக்கும் முறையைக் கற்றனர். 1875-இல் இசாவா ஷூஜி, தாக்காமினே ஹிதேயோ முதலியோர் அமெரிக்கப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டு, பெஸ்டலாட்சியின் பொருள்வழிக் கற்பித்தலைக் கொண்டுவந்தனர். 1887-இல் வந்த ஜெர்மானியர் ஹவுஸ்க்னெக்ட், ஹெர்பார்ட் வழியினரின் கல்வியியலைப் புகுத்தினார். பாடக்குறிப்பு எழுதி அலுத்த நம் பயிற்சி மாணவர்கள் அறிந்த அந்த ஐந்து படிகள்தாம் அவை. தாமே தேடிச்சென்ற முறைகளைப் பின்னர் இறுகிய சடங்காக்கிவிடுவது ஆசிரியர் உலகின் பழைய நோய். ஜப்பானும் அதற்கு விலக்கன்று. ஆனால் அப்பயிற்சிப்பள்ளிகளிலும் அவற்றைச் சார்ந்த மாதிரிப்பள்ளிகளிலும் ஒரு நல்வழக்கமும் வேரூன்றிற்று. ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, பிற ஆசிரியர் சூழ்ந்திருந்து நோக்கி, பின்னர் கூடி ஆராய்வர். இன்று நம் பள்ளிகளிலும் பேசப்படும் ‘பாட ஆய்வு’ அங்கிருந்து பிறந்ததே.

1885-இல் முதற் கல்வி அமைச்சரானவர் மோரி அரினோரி. கல்வி வரலாற்றில் இவரைப்போல் முரண்பட்ட மனிதரைக் காண்டல் அரிது. அமெரிக்காவில் தூதராயிருந்த இளமையில், ஜப்பானிய மொழியால் புதிய அறிவைச் சுமக்க இயலாது, ஆங்கிலத்தையே நாட்டுமொழியாக்கவேண்டும் என்று எண்ணினார். இதுபற்றி 1872-இல் யேல் பல்கலைக்கழக மொழியறிஞர் விட்னிக்குக் கடிதம் எழுதினார். அந்த அமெரிக்கரோ, தாய்மொழியைக் கைவிடாதீர் என்று விடையளித்தார். அக்காலத்தில் இலண்டனிலிருந்த பாபா தாத்சுயி என்ற இளைஞர் இன்னும் வன்மையாக மறுத்தார். பொழுதெல்லாம் உழைக்கும் ஏழைக்கு அயல்மொழி கற்க ஓய்வேது? கற்றவர் ஒரு மொழியும் மற்றவர் ஒரு மொழியும் பேசினால் நாடு இரண்டாகும் என்பது அவர் வாதம். வாதிட்டதோடு நில்லாமல், ஜப்பானிய மொழிக்கும் இலக்கணம் உண்டு என்று காட்ட 1873-இல் இலக்கண நூலொன்றையே எழுதி வெளியிட்டார். மொழிக்குத் தகுதியில்லை என்பார்க்கு இதனினும் தக்க விடை வேறென்ன?

காலமும் பாபாவின் பக்கமே நின்றது. 1877-இல் தோன்றிய தோக்கியோ பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் அயல்நாட்டுப் பேராசிரியர் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் கற்பித்தனர். அவர்தம் ஊதியம் கல்விச் செலவில் பெரும்பகுதியை விழுங்கியது. ஆனால் அவர்களிடம் படித்த மாணவர் வெளிநாடு சென்று திரும்பி அவ்விடங்களில் அமர்ந்தனர். படிப்படியாகப் பாடமொழி ஜப்பானியமாயிற்று. மெய்யியலுக்கு ‘தெத்சுகாக்கு’ என்று நிஷி அமானே சொல் வகுத்தார். அவர்போல் பலர் சீன வேர்களைக்கொண்டு ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை ஆக்கினர். அவற்றுள் பல பின்னர்ச் சீனத்திற்கும் கொரியத்திற்குமே கடனாகச் சென்றன. சொல் இல்லை என்று காத்திராமல் ஆக்கிக்கொண்டே பாடம் நடத்தினர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

மோரி 1886-இல் வகுத்த ஆணைகள் தொடக்கப்பள்ளி முதல் பேரரசுப் பல்கலைக்கழகம் வரை ஒரே அமைப்பை உண்டாக்கின. நான்காண்டுக் கல்வி கட்டாயமாயிற்று. ஆசிரியர் பயிற்சிப்பள்ளிக்கே அவர் பெரிதும் முதன்மை தந்தார். மாணவர்க்கு உணவு, உடை, உறையுள் அனைத்தும் அரசுச் செலவு. பதிலுக்கு உரிய ஆண்டுகள் ஆசிரியப்பணி செய்யவேண்டும். ஏழை உழவன் மகன் கட்டணமின்றி உயர்கல்வி பெற அக்காலத்தில் இருந்த வழிகளுள் இதுவே பெரிது. ஆனால் விடுதி படைவீடு போன்றது, உடற்பயிற்சி படைப்பயிற்சி, தோக்கியோ உயர்நிலைப் பயிற்சிப்பள்ளிக்குத் தலைவராக அமர்ந்தவர் ஒரு படைத்தலைவர். கீழ்ப்படிதல், அன்புடைமை, மிடுக்கு என மூன்று குணங்கள் ஆசிரியர்க்கு வேண்டும் என்றார் மோரி. கீழ்ப்படிதலே முதலில் வைக்கப்பட்டது. சமூகத்தில் ஆசிரியரின் மதிப்பு உயர்ந்தது. தாமாக ஒன்றைச் சொல்லும் உரிமை தாழ்ந்தது. 1889 பிப்ரவரி 11-ஆம் நாள், அரசியலமைப்பு வெளியான அன்றே, மோரி ஒரு வெறியனால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார்.

1890 அக்டோபர் 30-இல் வந்தது பேரரசரின் கல்வித் திருவாக்கு. 315 எழுத்துகளில் அமைந்த சிறிய உரை அது. பெற்றோரைப் பேணுக, உடன்பிறந்தாரோடு ஒத்து வாழ்க, கல்வி கற்க என்று நல்லவற்றையே சொல்லி, இடர் வரின் அரசுக்காக உயிர்கொடுக்க அணியமாயிரு என்று முடிச்சிட்டது. விழாநாளில் வெண்கையுறை அணிந்த தலைமையாசிரியர் அதனைப் படிப்பார்; பிள்ளைகள் தலைகவிழ்ந்து நிற்பர். 1891-இல் போதிய அளவு தலைவணங்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பெற்ற உச்சிமுரா கான்சோ பணியிழந்தார். பேரரசரின் படம் பள்ளியின் உயிரினும் மேலாயிற்று. 1898-இல் உயேதா நகரில் பள்ளி தீப்பற்றிப் படமும் எரிந்தது. அதற்குப் பொறுப்பேற்று அப்பள்ளித் தலைமையாசிரியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மகன் குமே மசாவோ பின்னர் எழுத்தாளராகி அச்சாவைக் கதையாக்கினார். தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்கு இச்செய்தியை எளிதாகக் கடந்துசெல்ல இயலவில்லை.

எண்ணிக்கையைப் பார்ப்பின் வெற்றி பெரிது. 1900-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் பெரும்பாலும் நீக்கப்பட்டது. அதன்பின்னர்ப் பதிவு மேலும் உயர்ந்தது. ஆணைகள் செய்யாததைக் கட்டணவிலக்கு செய்தது. 1907-இல் கட்டாயக் கல்வி ஆறாண்டாயிற்று. 1910 அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பெயர் பதிந்திருந்தனர். முதுகில் தம்பி தங்கையைக் கட்டிக்கொண்டு வரும் சிறுமியருக்கெனத் தனி வகுப்புகள் நடத்திய ஊர்களும் உண்டு. குழந்தை அழுதால் எழுந்து ஆட்டிவிட்டு வந்து பாடத்தைத் தொடரலாம். ஆறு வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய த்சுதா உமேக்கோ 1900-இல் பெண்கட்கு உயர்கல்விப் பள்ளி தொடங்கினார். 2024-இல் வெளியான ஐயாயிரம் யென் பணத்தாளில் அவர் முகம் இடம்பெற்றது. பாடநூல் வெளியீட்டாரிடம் கையூட்டுப் பெற்ற ஊழல் 1902-இல் வெடித்தது. 1904 முதல் பாடநூல் எழுதும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. ஊழல் ஒழிந்தது, வேறுபட்டுச் சொல்லும் நூலும் அதனோடு ஒழிந்தது.

இதற்கிடையே வேறு குரல்களும் எழுந்தன. 1920-களில் குழந்தையை மையமாகக் கொண்ட பள்ளிகள் பல தோன்றின. அவ்வழியில் 1937-இல் கோபாயாஷி சோசாக்கு நடத்தத் தொடங்கிய தோமோயே பள்ளியை, ‘டோட்டோ சான்’ நூலின் தமிழாக்கத்தால் நம் ஆசிரியர் பலர் அறிவர். வடகிழக்கின் வறிய சிற்றூர்களில் ஆசிரியர்கள், பிள்ளைகளைத் தம் வீட்டு வாழ்வை உள்ளபடியே எழுதச் செய்தனர். விளையாத வயலையும் கடனையும் பிள்ளைகள் எழுதினர். வறுமையைப் பார்க்கக் கற்பித்தது அரசுக்குப் பகையாகத் தோன்றியது; 1940 முதல் அவ்வாசிரியர் பலர் சிறைப்பட்டனர்.

தம் தாய்மொழியில் கல்வியைக் கட்டிய ஜப்பானியர், பிறர் தாய்மொழிக்குச் செய்ததைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஒக்கினாவாத் தீவுப் பள்ளிகளில் வீட்டுமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டப்பட்டது. இன்னொருவன் பேசி அகப்படும்வரை அதனைச் சுமக்கவேண்டும். பெஸ்டலாட்சியைப் பயின்று திரும்பிய அதே இசாவா ஷூஜிதான் 1895-இல் தைவானில் ஜப்பானிய மொழிக் கல்வியைத் தொடங்கிவைத்தவர். கொரியாவில் 1938-இல் கொரிய மொழி விருப்பப்பாடமாகத் தாழ்த்தப்பட்டுப் பள்ளியிலிருந்து மறைந்தது. 1942-இல் கொரிய மொழிக்கழகத்தார் கைது செய்யப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். அவர்கள் பல்லாண்டு தொகுத்த அகராதிக் கையெழுத்துப்படி பறிக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1945 செப்டம்பரில் சியோல் புகைவண்டி நிலையக் கிடங்கொன்றில் அது கிடைத்தது.

மலாயாவும் சிங்கப்பூரும் 1942 முதல் 1945 வரை அவ்வாட்சியின்கீழ் இருந்தன. சிங்கப்பூர் ‘ஷோனான்’ ஆயிற்று. நம் மூத்த தலைமுறையினர் பலர் காலையில் கிழக்கு நோக்கி வணங்கி, ‘கிமிகாயோ’ பாடி, ‘இச்சி, நி, சான்’ என்று எண்ணக் கற்றவர்கள். ஜப்பானியக் கல்வியின் அந்த முகத்தை நூலிலிருந்தன்று, வீட்டுப் பெரியோர் வாயிலிருந்தே நாம் அறிந்தோம். 1982-இல் மலேசியா கிழக்கு நோக்கும் கொள்கையை வகுத்து மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பியபோது, அவர்களுள் சிலருக்கு அச்சொற்கள் நினைவுக்கு வராமல் இரா.

போரின் இறுதியில் பள்ளி தன் பிள்ளைகளையே பலிகொடுத்தது. ஒக்கினாவாவில் மருத்துவப் பணிக்கெனப் படையோடு அனுப்பப்பட்ட ஹிமேயூரி மாணவியரும் ஆசிரியரும் 240 பேர்; மாண்டவர் 136 பேர். 1945 ஆகஸ்டில் சரணடைந்தபின், பள்ளி திறந்ததும் பிள்ளைகள் செய்த முதல் வேலை, ஆசிரியர் சொன்ன வரிகளை மையால் அழித்தது. நேற்றுவரை மனப்பாடம் செய்வித்த பக்கத்தை இன்று கறுப்பாக்கச் சொன்ன ஆசிரியரின் முகத்தை அப்பிள்ளைகள் நெடுநாள் மறக்கவில்லை. 1951-இல் ஜப்பானிய ஆசிரியர் சங்கம், மாணவரை மீண்டும் போர்க்களம் அனுப்போம் என்று முழங்கியது அந்த நினைவிலிருந்தே.

1946 மார்ச்சில் வந்த அமெரிக்கக் கல்விக்குழு பல சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அவற்றுள் ஒன்று, கடினமான எழுத்துமுறையை விட்டு உரோம எழுத்துக்கு மாறுக என்பது. 1948-இல் நாடெங்கும் ஏறத்தாழ பதினேழாயிரம் பேரிடம் எழுத்தறிவுத் தேர்வு நடத்தினர். ஒரு மதிப்பெண்ணும் பெறாதோர் நூற்றுக்கு இருவர் அளவே. எழுத்தை மாற்றும் பேச்சு அதன்பின் வலுவிழந்தது. பயன்பாட்டு எழுத்துகளை 1,850 ஆக வரையறுத்ததோடு நின்றுகொண்டனர்.

1947 மார்ச் 31-இல் கல்வி அடிப்படைச் சட்டம் வந்தது. ஆறு, மூன்று, மூன்று, நான்கு என்ற ஆண்டமைப்பும், ஒன்பதாண்டு இலவசக் கட்டாயக் கல்வியும், ஆண் பெண் சேர்ந்து படித்தலும் வழக்காயின. 1948 ஜூனில் நாடாளுமன்றம் கல்வித் திருவாக்கைச் செல்லாதென நீக்கியது. குண்டுவீச்சில் எரிந்த நகரங்களில் புதிய இடைநிலைப்பள்ளிகளுக்குக் கட்டடமில்லை. பிள்ளைகள் திறந்தவெளியில் படித்தனர். ‘நீலவான வகுப்பறை’ என்பது அதற்கு வழங்கிய பெயர். 1952-இல் கட்டாயக் கல்வி ஆசிரியர் ஊதியத்தில் பாதியை நடுவண் அரசே ஏற்கும் சட்டமும், 1954-இல் பள்ளி உணவுச் சட்டமும், அவ்வாண்டிலேயே தொலைவூர்ப் பள்ளிகளுக்கான சட்டமும், 1963-இல் இலவசப் பாடநூல் சட்டமும் வந்தன. ஆரவாரமில்லாத இச்சட்டங்களையே நான் மெய்ஜி ஆணைகளினும் பெரியனவாகக் கருதுகிறேன். ஊர் ஏழையாயிருப்பினும் அதன் பள்ளி ஏழையாக வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டை 1872 செய்யவில்லை, இவை செய்தன. 1974-இல் மேல்நிலைப்பள்ளிக்குச் செல்வோர் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினர்.

தேர்வு நெருக்கடியும் தனிவகுப்பு வணிகமும் அதனோடு வளர்ந்தன என்பதைப் பலரும் எழுதிவிட்டனர். பாடநூல் தணிக்கையை எதிர்த்து வரலாற்றறிஞர் இயேனாகா சபுரோ 1965-இல் தொடுத்த வழக்குகள் 1997 வரை நடந்தன. சுமையைக் குறைக்க 2002-இல் பாடங்களை வெட்டியதும், தரம் குறைந்தது என்ற கூக்குரலால் 2008-இல் மீண்டும் கூட்டியதும் அண்மைக்காலச் செய்திகள். 2006-இல் அடிப்படைச் சட்டமே திருத்தப்பட்டு, நாட்டுப்பற்று அதில் மீண்டும் இடம்பெற்றது. அதன்மேல் எழுந்த வாதம் கடுமையானது.

இன்று அந்நாட்டைப் பிடித்துள்ள கவலை வேறு. பிறப்பு குறைந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. 1869-இல் கியோத்தோ மக்கள் அடுப்புப் பணத்தால் தொடங்கிய 64 பள்ளிகளுள் ஒன்று தாத்சுயிக்கே தொடக்கப்பள்ளி. அது 1995-இல் மூடப்பட்டது. 1929-இல் கட்டிய அதன் கட்டடத்தில் 2006 முதல் படக்கதை அருங்காட்சியகம் நடைபெறுகிறது. பழைய விளையாட்டுத்திடலின் புல்மேல் அமர்ந்தும் படுத்தும் வருவோர் நூல் படிக்கின்றனர்.